தம்பி தங்கைக்குப் பாஸ்தா சமைக்கக் கற்றுக்கொடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் வீட்டில் நான் மூத்தவள். எனக்குப் பின் ஒரு தங்கையும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். இருவருக்கும், அவரவர்க்குப் பன்னிரண்டு வயதானபோது, கோடை விடுமுறையில் தக்காளிப் பாஸ்தா சமைக்கக் கற்றுக்கொடுத்தேன். தங்கையிடம் ஏறக்குறைய எல்லாவற்றையும் தவறாகச் செய்தேன். மூன்று ஆண்டுகள் கழித்துத் தம்பியிடம் அவற்றில் பாதியைத் திருத்திக்கொண்டேன். அதன் பிறகு உறவினர்களும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் யாவும் 200 கிராம் பாஸ்தாவுக்கு உரியவை. அது இரண்டு பேருக்கு இரவு உணவாகவோ, மூன்று நான்கு பேருக்கு மாலைச் சிற்றுண்டியாகவோ போதும்.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

வயதைக் காட்டிலும் உயரத்தைப் பாருங்கள். அடுப்பின் மேல் வைத்த பாத்திரத்தினுள், நுனிக்காலில் எம்பாமல், பிள்ளையால் பார்க்க முடிய வேண்டும். முக்காலி போட்டு நிற்கவைப்பதை நான் ஏற்கமாட்டேன். கொதிக்கும் நீர் தெறித்தால் பின்னால் ஓரடி நகர்வதற்கு முக்காலியில் இடம் இராது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பூண்டு உரிக்கவும் சீஸ் துருவவும் விடலாம். அடுப்பு அவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கும்.

தோசை, உப்புமா எல்லாம் இருக்க, முதலில் பாஸ்தா ஏன்?

எங்கள் பாட்டி கேட்ட கேள்வி இது. தோசை எளிதானது போலத் தோன்றினாலும் அதில் மாவின் பக்குவம் முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது. கல்லின் சூடு, கைச் சுழற்சி ஆகிய இரண்டும் பழகப் பல மாதங்கள் ஆகும். ரவா உப்புமாவில் தவறு நடப்பது ஓரிரு நொடிகளுக்குள். கட்டி தட்டிய பிறகு திருத்தம் இல்லை. பாஸ்தாவோ இரண்டு பாத்திரங்களில், ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் நின்று சுவைத்துப் பார்க்க இடம் கொடுத்துக்கொண்டே வருகிறது. கொதிக்கவைத்தல், வடித்தல், வதக்குதல், சுண்டவைத்தல் என்று நம் சமையலின் அடிப்படைச் செயல்கள் பலவும் இந்த ஒரே உணவில் வந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பாட்டி அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பாஸ்தா பிள்ளைகள் தாமாகவே விரும்பிக் கேட்கும் உணவு. தான் சாப்பிட ஆசைப்படுவதைச் சமைக்கும்போது இருக்கும் பொறுமை, வெண்டைக்காய்ப் பொரியலுக்கு வராது.

எந்தப் பாஸ்தாவை வாங்குவது?

பாக்கெட்டின் பின்புறத்தில் உட்பொருட்கள் அச்சிடப்பட்டிருக்கும் இடத்தில் ‘துரம் கோதுமை ரவை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். துரம் என்பது மிகக் கடினமான மணிகளையுடைய கோதுமை வகை. அதன் ரவையைப் பிசைந்து, நாம் முறுக்குப் பிழிவதுபோல அச்சில் அழுத்தி வெளியே தள்ளி, உலரவைத்துச் செய்யும் பாஸ்தா வெந்த பின்னும் உருக்குலையாமல் நிற்கும். அண்ணாச்சி கடையில் உதிரியாக எடைபோட்டுக் கொடுக்கும் மாக்கரோனியில் மைதா கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது ஒரு நிமிடம் கவனம் தவறினாலும் குழைந்துவிடும். நமக்கு அது பெரிதில்லை. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடச் சலுகை மிகவும் தேவை.

வடிவங்களில் முதல் முறைக்குப் பென்னேயைப் பரிந்துரைப்பேன். ஸ்பகெட்டி பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை உள்ளே அழுத்தப் போய் விரலைச் சுட்டுக்கொள்வார்கள். பென்னே, இறகுப் பேனாவின் முனைபோல இரு பக்கமும் சாய்வாக வெட்டப்பட்ட குழல். அதன் பெயரும் அதிலிருந்தே வந்தது. நாம் சொல்லும் ‘பேனா’ போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. இரண்டு சொல்லுக்கும் வேர், இறகைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்தான். இதைச் சொன்னபோது தம்பி ஒரு பென்னேயை மையில் தோய்த்து எழுதிப் பார்க்க முயன்றான் என்பதால், இந்தத் தகவலைச் சமையல் முடிந்த பிறகு சொல்வது நல்லது. மேலே வரிவரியாகக் கோடு உள்ள பென்னேயாகப் பார்த்து வாங்குங்கள். சாஸ் வழுக்கிக்கொண்டு போகாமல் அந்தக் கோடுகளில் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரும் உப்பும் எவ்வளவு?

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், அந்த 1 லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளில் வழங்கும் கணக்கு. ஆகவே நமக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது கொதித்துத் துள்ளுவதற்கு இடம் விட்டு, 4 லிட்டர் கொள்ளும் பாத்திரமாக எடுக்க வேண்டும். உப்பில் மட்டும் நான் அந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்கிறேன்: 2 லிட்டருக்குத் தூள் உப்பு 2 தேக்கரண்டி போதும். கல்லுப்பு என்றால் கரண்டியில் இடைவெளி விழும். சற்று குவித்து எடுக்கலாம்.

சென்னைக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் வீட்டில் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். அது பல பகுதிகளில் வாயில் வைத்தாலே கரிக்கும். அந்த நீரில் கொதிக்கவைத்து, மேலே உப்பும் போட்டால், பிறகு சாஸில் எதைச் செய்தும் பயனில்லை. எங்கள் வீட்டில் பாஸ்தாவுக்குக் கேன் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். எந்தத் தண்ணீரானாலும், உப்பைப் போட்ட பிறகு ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துப் பிள்ளையையே சுவைக்கச் சொல்லுங்கள். மிதமாக உப்புப் போட்ட ரசத்தின் அளவுக்கு இருந்தால் சரி.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்ளச் சொல்வது?

எல்லோரும் பாக்கெட்டில் உள்ள நிமிடக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் தங்கைக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறை வேறு நிறுவனத்தின் பாக்கெட்டை வாங்கியபோது அதே 11 நிமிடத்தை வைத்துக் கூழாக்கிவிட்டாள். தவறு அவளுடையது அல்ல. நான் அவளுக்குக் கொடுத்தது ஓர் எண் மட்டுமே.

தம்பிக்கு வேறு விதமாகச் செய்தேன். பாஸ்தாவைக் கொதிநீரில் போட்ட ஆறாவது நிமிடத்திலிருந்து, நிமிடத்துக்கு ஒரு பென்னே வீதம் கரண்டியால் எடுத்து, ஒரு தட்டில் வரிசையாக வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்தோம். ஆறாவது நிமிடத்துப் பென்னேயின் சுவர் நடுவில் சுண்ணாம்புக் கோடு கிழித்தது போல ஒரு வெள்ளை வளையம் தடிமனாகத் தெரிந்தது. எட்டாவதில் அது நூல் அளவுக்கு மெலிந்தது. பத்தாவதில் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. பன்னிரண்டாவதில் வளையமே இல்லை. குழல் அமுங்கித் தட்டையாகிவிட்டது. பிறகு அதே வரிசையில் மிச்சப் பாதிகளைக் கடித்துப் பார்த்தான். “எட்டாவது நடுவுல அரிசி நிக்குதுக்கா, பத்தாவதுதான் சரி” என்றான். சோறு வேகாவிட்டால் பாட்டி சொல்லும் சொல் அது. அவன் பாஸ்தாவுக்கு அதை எடுத்துப் போட்டபோது, இனி நிமிடக் கணக்கைப் பற்றி நான் பேசத் தேவையில்லை என்று புரிந்துகொண்டேன்.

இத்தாலியர்கள் இந்தப் பதத்தை ‘அல் டென்டே’ என்பார்கள். பல்லுக்குத் தட்டுப்படும் பதம் என்று பொருள். நாம் பிரியாணிக்கு அரிசியை முக்கால் பதத்தில் வடிப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான்: மீதி வேக்காடு சாஸில் நடக்கும். எனவே வெள்ளை வளையம் நூல் அளவில் இருக்கும்போதே நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

விடுமுறைக்கு ஊட்டிக்குப் போய் அங்கே சமைப்பவர்களுக்கு ஒரு சொல். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே பாக்கெட் அங்கே கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். வெட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாது.

ஒட்டாமல் இருக்கக் கொதிநீரில் எண்ணெய் விட வேண்டுமா? வெந்ததும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, சாஸ் பிடிக்கவிடாமல் செய்யும். ஒட்டாமல் இருப்பதற்குப் போதிய தண்ணீரும், போட்டவுடன் முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறுவதுமே போதுமானவை. அலசுவது, ஆறிய பாஸ்தாவில் சாலட் செய்வதற்கு மட்டும் பொருந்தும்.

வடிக்கும்போது பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பயப்படுவது நியாயம். இரண்டு லிட்டர் கொதிநீரைக் கைப்பிடித் துணியால் பிடித்துத் தூக்கி, பாத்திரம் கழுவும் தொட்டி வரை நடந்து போவது இந்தச் சமையலிலேயே மிக ஆபத்தான வேலை. அதை நான் இதுவரை இருவரையும் செய்யவிட்டதில்லை. தேவையும் இல்லை. பூரியை எண்ணெயிலிருந்து அள்ளும் ஜல்லிக்கரண்டியால், பாஸ்தாவை அப்படியே நீரிலிருந்து அள்ளி, பக்கத்து அடுப்பில் தயாராக இருக்கும் சாஸில் போட்டுவிடலாம். பாத்திரம் நகர்வதே இல்லை. தண்ணீரும் அங்கேயே இருக்கும். அந்தத் தண்ணீர் நமக்கு வேண்டும்.

குக்கர் வந்த பிறகு சென்னை வீடுகளில் சோறு வடிப்பது அரிதாகிவிட்டதால், வடிகஞ்சி என்ற ஒன்றையே பிள்ளைகள் பார்த்ததில்லை. பாஸ்தா வெந்த நீரும் ஒரு வகை வடிகஞ்சிதான். மாவுச்சத்து கரைந்து, கலங்கலாக, லேசான கொழகொழப்புடன் இருக்கும். ஒரு கரண்டியை எடுத்து இரு விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெயும் தக்காளிச் சாறும் தனித்தனியே பிரிந்து நிற்காமல் ஒன்றுகூடிப் பாஸ்தாவின் மேல் பூசினாற்போல ஒட்டுவதற்கு இந்தக் கஞ்சியே காரணம். கடையில் சாப்பிடும் பாஸ்தா பளபளப்பாக இருப்பதும், வீட்டில் செய்வது தட்டின் அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு கரண்டியின் வேறுபாடே.

சாஸை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அரை கிலோ தக்காளி, எட்டுப் பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி கொரகொரப்பாக இடித்த காய்ந்த மிளகாய், உப்பு. முதல் பாடத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தக்காளியில் நாட்டுத் தக்காளியும் பெங்களூர்த் தக்காளியும் பாதிப் பாதியாக வாங்குவது எங்கள் வழக்கம். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் உண்டு. பெங்களூர்த் தக்காளியில் சதை உண்டு. நாட்டுத் தக்காளியை மட்டும் போட்டால் ரசமாகும். பெங்களூர்த் தக்காளியை மட்டும் போட்டால் சப்பென்று இருக்கும். பிள்ளையைக் காய்கறிக் கடைக்கு அழைத்துப்போய், இரண்டையும் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. தெருமுனைத் தள்ளுவண்டியே போதும்.

தக்காளியை நறுக்குவதற்குப் பதிலாகத் துருவச் சொல்கிறேன். குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தேங்காய்ப் பூ துருவும் தட்டைத் துருவியில் வைத்துத் தேய்த்தால், சதையெல்லாம் கீழே விழுந்து, தோல் மட்டும் உள்ளங்கையில் நின்றுவிடும். அந்தத் தோலே விரல்களுக்குக் கவசமாகவும் அமைகிறது. மிக்ஸியில் அடித்தால் காற்று ஏறி வெளிறிய இளஞ்சிவப்பு நுரையாகிவிடும் என்பதால் மிக்ஸியை நான் அனுமதிப்பதில்லை.

எண்ணெயையும் மெல்லியதாக அரிந்த பூண்டையும் வாணலியில் ஒன்றாகப் போட்ட பிறகே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நம் தாளிப்புக்கு இது நேர்மாறானது. கடுகுக்கு எண்ணெய் காய வேண்டும், பூண்டுக்கோ காயக் கூடாது. சிறு தீயில் பூண்டு மெல்லச் சூடேறி, ஓரங்கள் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது இடித்த மிளகாயைப் போட்டு, ஐந்து எண்ணுவதற்குள் துருவிய தக்காளியை ஊற்றிவிட வேண்டும். பூண்டு பழுப்பேறிக் கசந்துவிட்டால் அந்தப் பூண்டையும் எண்ணெயையும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். அங்கே சிக்கனம் பார்த்தால் அரை கிலோ தக்காளியும் வீணாகும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் ஆறு பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதன் காரமும் மணமும் அதிகம்.

பிறகு பதினைந்து, இருபது நிமிடம் நடுத்தரத் தீயில் சுண்ட வேண்டும். தக்காளித் தொக்கு செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இதில் விளக்கம் தேவைப்படாது: பக்கங்களில் எண்ணெய் பிரிந்து வருவதற்குச் சற்று முன்பே, கரண்டியால் கோடு இழுத்தால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து மூடிக்கொள்ளும் பதத்தில், நிறுத்திவிட வேண்டும். இப்போது பாஸ்தாவை அள்ளிப் போட்டு, கஞ்சித் தண்ணீர் ஒரு குழிக்கரண்டி ஊற்றி, தீயைக் கூட்டி, இரண்டு நிமிடம் விடாமல் புரட்ட வேண்டும். சாஸில் உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும். கஞ்சித் தண்ணீரே உப்போடு வருகிறது.

எந்த எண்ணெய்?

ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் அல்லது கடலை எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

பேசில் இலைக்கு எங்கே போவது?

பூக்காரரிடம் போங்கள். திருநீற்றுப்பச்சிலை என்று மாலையில் வைத்துக் கட்டுகிறார்களே, அதுவும் இத்தாலியரின் பேசிலும் ஒரே தாவர இனம்; ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதன் விதைதான். நம்முடையதில் மணம் கூடுதலாகவும் காரமாகவும் இருக்கும். ஆகவே நான்கைந்து இலைகளைக் கையால் கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு தூவினால் போதும். துளசி இதன் உறவு, ஆனால் வேறு இனம். அதைப் போட்டால் கஷாயத்தின் நினைவு வரும். சாமிக்கென்று வாங்கிய கட்டிலிருந்து கிள்ளுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாஸ் புளித்துப்போனால்?

ஒரு சிட்டிகைச் சர்க்கரை, ஒரு சிறு துண்டு வெண்ணெய். அதற்கும் அடங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் சுண்டவிடுங்கள். க்ரீமை நேரே கொதிக்கும் புளிப்பில் ஊற்றினால் திரிந்துபோகலாம். தீயைக் குறைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

வெள்ளை சாஸ்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். முதலிலேயே அதைச் சொல்லிக்கொடுக்கலாமா?

இரண்டாவது பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருகியதும் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகும் வரை, ஆனால் நிறம் மாறுவதற்குள், சிறு தீயில் வறுக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, மறுபடியும் ஏற்றிக் கெட்டியாகும் வரை கிளற வேண்டும். கட்டி தட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாலை ஒரேயடியாக ஊற்றுவதே. ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம் என்பதால் அது இதற்கு நன்கு பொருந்துகிறது. கட்டி தட்டிவிட்டால் டீ வடிகட்டியில் ஊற்றித் தேய்த்துவிடுங்கள். அதற்காக யாரும் அழ வேண்டாம்.

நாங்கள் சைவம். சீஸ் சேர்க்கலாமா?

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், சீஸ் உறைவதற்கு உறையூக்கி ஒன்று தேவை. மரபான பார்மெசான் சீஸில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்பவற்றில் நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த உறையூக்கியைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரணச் சீஸ் கட்டிகள் இரண்டைத் துருவிப் போட்டாலே வீட்டுப் பாஸ்தாவுக்கு நிறைவாக இருக்கும். உலர்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இராது. எனினும் புள்ளியைப் பார்த்துக்கொள்வது பழக்கமாகட்டும்.

கரம் மசாலா, கறிவேப்பிலை, வெங்காயம் எல்லாம் போடக் கூடாதா?

போடலாம், சென்னையில் பாதி வீடுகளில் பாஸ்தா என்பது சேமியா உப்புமாவின் அண்ணன்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காரமும் இத்தாலிக்குப் புதிதல்ல. ‘அராபியாட்டா’ என்று ஒரு சாஸின் பெயருக்கே கோபம் கொண்டது என்று பொருள், அதில் உலர்ந்த மிளகாய் உண்டு. என் தயக்கம் வேறு. முதல் இரண்டு மூன்று முறை ஐந்து பொருள்களோடு நிறுத்தினால், எந்தச் சுவை எதனால் வந்தது என்று பிள்ளைக்குத் தெரியும். மசாலா அந்தத் தடயங்களையெல்லாம் மூடிவிடும். பூண்டு கருகியிருந்தாலும் தெரியாது.

தீக்காயம், எரிவாயு பற்றி என்ன சொல்லிவைக்க வேண்டும்?

சமையலுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, நெய், மஞ்சள், பனிக்கட்டி எதுவும் கூடாது. சென்னையில் மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருந்தேன், தங்கை கையைக் குழாயடியில் வைத்துவிட்டு இன்னும் உரக்கக் கத்தினாள். கோடையில் சமைக்கும்போது ஒரு வாளி நிறையத் தண்ணீரைக் காலையிலேயே பிடித்துச் சமையலறைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்துவிடுகிறோம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகம், கண் பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 எண் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாசனை வந்தால் எந்த மின்விசையையும் போடவோ அணைக்கவோ கூடாது, ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்து, பெரியவர்களை அழைத்து, 1906 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மின்விசிறியைப் போட்டு வாசனையை விரட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கத்தியா, அரிவாள்மனையா?

வீட்டில் எது கூராக இருக்கிறதோ அது. மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலில் இறங்கும்.

பக்கத்தில் நின்றுகொண்டு நான் எவ்வளவு தலையிடலாம்?

என்னிடம் வந்த கேள்விகளில் இதைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் எனக்கு மிக அதிகம் சொல்ல இருப்பது இதில்தான்.

தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த அன்று, அவள் கரண்டியைப் பிடித்திருந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. “இங்க குடு, இப்படி” என்று வாங்கிக் கிளறிக் காட்டினேன். பூண்டு போடும்போது ஒருமுறை, தக்காளி ஊற்றும்போது ஒருமுறை, உப்புப் பார்க்கும்போது ஒருமுறை. மூன்றாவது முறை அவள் கரண்டியை நீட்டிவிட்டு, “அப்ப நீயே பண்ணிக்கோக்கா” என்று கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பாஸ்தா நன்றாக வந்தது. அதைச் சமைத்தது நான். அடுத்த ஒன்பது மாதம் அவள் அடுப்படிக்கு வரவில்லை.

அம்மாக்கள் கற்றுக்கொடுக்கும்போது இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக வருவதில்லை என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்திருப்பது இயற்கை. அக்காவுக்கோ அண்ணனுக்கோ தெரிந்திருப்பது ஒரு பெருமையடிப்பாகவே தம்பி தங்கைகளின் காதில் விழுகிறது. தொலைக்காட்சி ரிமோட்டுக்கு நடக்கும் அதே சண்டை கரண்டிக்கும் நடக்கிறது. ஆகவே தம்பியின் முறை வந்தபோது நான் ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டேன்: கையில் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து உரித்தேன். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் கரண்டி பக்கம் போகவில்லை. கண்ணில் நீர் வழிந்ததால் பாதி நேரம் அவன் செய்வதும் தெரியவில்லை. தீ, கொதிநீர், கத்தி ஆகிய மூன்றில் ஆபத்து என்றால் மட்டுமே வாய் திறப்பேன் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவன் கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் இல்லை.

பூண்டு கொஞ்சம் அதிகமாகவே நிறம் மாறுவது வாசனையிலேயே தெரிந்தது. பேசாமல் இருந்தேன். அவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்து, வாணலியைக் காட்டி, “இது கசக்குது, கொட்டிடவா?” என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது, இரண்டாவது முறை பூண்டைச் சிறு தீயில் சரியாக எடுத்தான். நான் முன்பே எச்சரித்திருந்தால் எட்டுப் பல் பூண்டு மிஞ்சியிருக்கும்.

குழைந்துபோன பாஸ்தாவை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் மீந்த ஸ்பகெட்டியை முட்டையோடு கலந்து, தடித்த அடைபோல இருபுறமும் சிவக்கச் சுடுவது வழக்கம். எங்கள் வீட்டில் குழைந்த மாக்கரோனியைக் கரண்டியால் மசித்து, இரண்டு கரண்டி கடலை மாவும் நறுக்கிய வெங்காயமும் மிளகும் சேர்த்து, தோசைக்கல்லில் தட்டி எடுத்தோம். அதைப் பாட்டி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக வந்த பாஸ்தாவை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டவர் அவர்.

மீந்ததை வைத்திருக்கலாமா?

சென்னைக் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது நான்கு கரண்டி வெந்நீர் தெளிக்க வேண்டும். வெள்ளை சாஸ் போட்டதைப் பள்ளி டிபன் பெட்டியில் கொடுத்தனுப்பாதீர்கள்.

பாத்திரத்தை யார் கழுவுவது?

சமைத்தவர் தன் பாத்திரங்களை. சாப்பிட்டவர்கள் அவரவர் தட்டை. மாவுக்கஞ்சி காய்ந்த பாத்திரத்தை உடனே நீர் ஊற்றி ஊறவைக்கத் தவறினால், மறுநாள் தேங்காய் நாரும் தோற்றுவிடும்.

அடுத்து என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

சோறு வடிக்கச் சொல்லிக்கொடுங்கள். பதம் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கும். அரிசியை இரு விரலால் நசுக்கிப் பார்ப்பதும் பென்னேயை வெட்டிப் பார்ப்பதும் ஒரே வேலை. எங்கள் வீட்டில் இதை நான் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பாஸ்தா அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, பரண்மேல் கிடந்த வடிதட்டை இறக்கிக் கழுவித் தரச் சொன்னார். பானையைச் சாய்ப்பதை மட்டும் தானே செய்து காட்டிவிட்டு, அடுத்த வாரம் பொன்னி அரிசி அரைப்படியை அவனிடம் அளந்து கொடுத்தார்.